தரையில் கிடத்திய சிலுவை

கிமாப் என்ற மலையூரின் சபையில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, அப்பத்துக்கும் ரசத்துக்கும் பதிலாக, அவித்த சேம்புத் துண்டுகளும் சிவப்புத் தாழம்பழச் சாறும் தட்டில் சுற்றி வரும். தட்டு யுமினோக்கிடம் வந்ததும் அவளைத் தாண்டி அடுத்த பெண்ணிடம் போய்விடும். அவள் திமுங்கின் இரண்டாம் மனைவி. இரண்டாம் மனைவிக்குக் கர்த்தருடைய பந்தியில் இடம் இல்லை. ஆனால் மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே யுமினோக் ரேடியோ முன் உட்கார்ந்து வானிலை சொன்னால்தான் மிஷன் விமானம் மலையைத் தாண்டி வரும். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் எப்படிப் பொருந்துகின்றன என்று ஏழு வருஷம் யாரும் கேட்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று சொல்ல முடியாது. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஓடுபாதை வெட்டியபோது அவளுக்குப் பத்து வயது இருக்கலாம். மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, பெண்கள் வலைப்பையில் மண் சுமந்தார்கள். அவளும் நெற்றியில் பையை மாட்டிக்கொண்டு சுமந்தாள். மண்ணைப் போட்டாயிற்று, அழுத்த உருளை இல்லை. அங்கே இருந்த மிஷனரி இரண்டு வருஷமாக ஆட்டத்தைத் தடை செய்து வைத்திருந்தவர். அவரே நான்கு ஊருக்கும் ஆள் அனுப்பி, முரசோடு வந்து இரண்டு நாள் ஆடித் தரையை மிதிக்கச் சொன்னார். தலையில் இறகு வேண்டாம், உடம்பில் கொழுப்புப் பூச்சு வேண்டாம், கால் மட்டும் போதும் என்றார். எல்லாரும் இறகோடும் கொழுப்போடும்தான் வந்தார்கள். மூன்றாம் நாள் தரை கல்லாக இறுகியிருந்தது. ஆட்டம் மறுபடியும் பாவமானது. தேவைப்படும்போது பாவத்துக்கு விடுமுறை உண்டு என்பதை யுமினோக் அந்த வயதிலேயே கண்டுகொண்டாள். அதை யாரிடமும் சொல்லவில்லை, மறக்கவும் இல்லை.

பெரிய சண்டையில் விமானம் ஓட்டிய சிலர், சண்டை முடிந்ததும் அதே கைப்பழக்கத்தை வேறு வேலைக்குத் திருப்பி ஆரம்பித்ததுதான் அந்த விமான ஊழியம். கிமாப்காரர்கள் அதை வேறு விதமாக அறிந்திருந்தார்கள். முதலில் சின்ன விமானம் ஒன்று வந்தது, பிறகு பெரியது. முதலில் உப்பும் கோடரியும் இறங்கின, பிறகு தகரம், பிறகு பள்ளிக்கூடத்துக்குக் கரும்பலகை. கடற்கரையில் விமானங்களுக்கு ஓலைக் கொட்டகையாக இருந்தது பட்டறையாக வளர்ந்தது. அந்தப் பட்டறையிலிருந்து ஒரு நாள் தோவர் என்ற ரேடியோ மெக்கானிக் ஒரு பெட்டியோடும் இரண்டு பேட்டரியோடும் வந்து இறங்கினான். தீவுக்காரன், வாயாடி.

ரேடியோ வேலைக்கு நியமிக்கப்பட்டவன் திமுங். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருப்பவனைக் கூப்பிடுவது போல அவன் மைக்கில் கத்தினான். பாதி நேரம் வேட்டைக்குப் போய்விட்டான். ரேடியோக் குடிசைக்குப் பக்கத்துத் தோட்டம் யுமினோக்குடையது. பெட்டி கூப்பிட்டுக்கொண்டே இருக்க, களை பறித்தவள் எரிச்சலில் ஒரு நாள் உள்ளே போய்ப் பதில் சொன்னாள். மூன்றாம் மாதம் பேட்டரி மாற்ற வந்த தோவர் அதைக் கண்டுபிடித்துவிட்டான்.

"இது உன் குரல்தானா? திமுங்குக்கு என்னடா திடீர்னு புத்தி வந்துருச்சுன்னு பட்டறையில பேசிக்கிட்டோம்."

"எதாவது தப்பாச் சொன்னேனா?"

"ஒண்ணே ஒண்ணு. நல்லாருக்கு, மோசமாருக்கு, இந்த ரெண்டும் இந்த மைக்குல வரக்கூடாது. அது பைலட் முடிவு பண்ண வேண்டியது. நீ எது தெரியுதுன்னு மட்டும் சொல்லு."

"தெரியலைன்னா?"

"தெரியலைன்னு சொல்லு. அதுவும் செய்திதான்."

அவளுக்கு அது பிடித்திருந்தது. ஊரில் அவள் கேட்டு வளர்ந்த பேச்சில் பாதி நல்லது, கெட்டது என்பதுதான். தெரிகிறதை மட்டும் சொல்லச் சொன்ன முதல் ஆள் அவன். அன்று முதல் அவள் மூன்று இடங்களைப் பார்த்தாள்: பூம் முகடு, மேற்குக் கணவாய், ஆற்று வளைவு. பிறகு ஓடுபாதையின் மேல் முனையிலிருந்து கீழ் முனைவரை நடந்து, பத்தடிக்கு ஒரு முறை குதிகாலை ஓங்கி ஊன்றினாள். குதிகால் தடம் பதிந்தால் ஈரம். புதைந்தால் பாதை மூடல். அப்போது வெள்ளையடித்த இரண்டு நீளப் பலகைகளை நடுவில் சிலுவை போலக் குறுக்காகக் கிடத்த வேண்டும். மேலிருந்து பார்க்கிற விமானிக்கு அதற்கு ஒரே அர்த்தம்: இறங்காதே. கிமாப் பாதை மலையை நோக்கி ஏறுவது. விமானம் ஆற்று வளைவைத் தாண்டித் தாழ்ந்துவிட்டால் இறங்குவதைத் தவிர வேறு வழி கிடையாது.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து நான்காம் வருஷம், வேதாகமப் பள்ளி முடித்துப் புதுப் போதகராக நாகூம் வந்தார். அவர் காலில் தோல் சப்பாத்து இருந்தது. பள்ளத்தாக்கில் வேறு யாரிடமும் அது இல்லை. கெட்டவர் அல்ல. ஆனால் ஒழுங்காக இல்லாத எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. முதல் சபைக் கூட்டத்திலேயே விஷயத்தை எடுத்தார்.

"ரேடியோ தேவனுடைய சொத்து. அவருடைய பந்தியில உட்காராதவங்க அதைத் தொடக்கூடாது. யுமினோக், உனக்கு ஒரு வழி இருக்கு. திமுங்கை விட்டுட்டு உங்கப்பன் வீட்டுக்குப் போயிரு. பந்தியும் கிடைக்கும், ரேடியோவும் உன்கிட்டயே இருக்கும்."

யுமினோக் எழுந்தாள். "அந்தாளை விட்டுட்டுப் போறது எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல, ஐயா. குறட்டை விடுறான், விறகு வெட்ட மாட்டான். ஆனா நீங்க சொன்னீங்கன்னு போக மாட்டேன்."

"நான் இங்கதான் உக்காந்திருக்கேன்," என்றான் திமுங்.

"உன்னை யாரு கேட்டா," என்றாள் அவனுடைய மூத்த மனைவி சரோத். பிறகு போதகர் பக்கம் திரும்பினாள். "ஐயா, இவ எடுத்தது என் புருஷன்ல பாதி. நானே புகார் குடுக்கலை. உங்க வீட்டுலேருந்து என்னத்த எடுத்தா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சிரித்தவர்கள்தான் கையைத் தூக்கி யுமினோக்கை ரேடியோ வேலையிலிருந்து நீக்கினார்கள். ரேடியோக் குடிசையின் சாவி ஓபேத்திடம் போனது. சபையின் உதவிக்காரன் ஓபேத் அவளுடைய தாய்மாமன் மகன். புல் வெட்டினால் சீப்பால் வாரினது போல வெட்டுவான். ஜெபத்தில் கண்ணீர் விடுவான்.

ஓபேத் விடிவதற்கு முன்னால் எழுந்து, வானம் தெளிய வேண்டும் என்று முழங்காலில் நிற்பான். ஆறு மணிக்கு மைக்கை எடுத்து, "கிமாப்பில் வானிலை மிகவும் நன்று, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்பான். ஜெபித்துவிட்டு மேகம் இருக்கிறது என்று சொன்னால் அது அவிசுவாசம். பொய் சொல்வதாக அவன் ஒருபோதும் நினைக்கவில்லை. இன்னும் வந்து சேராத உண்மையைச் சற்று முன்னதாகச் சொல்வதாகவே நினைத்தான்.

யுமினோக் நடையை நிறுத்தவில்லை. மூன்று இடங்களையும் பார்த்தாள், குதிகாலை ஊன்றினாள், ஆறு மணிக்குக் குடிசையின் ஜன்னலுக்கு வெளியே நின்று உரக்கச் சொன்னாள். "பூம் முகடு தெரியலை. கணவாய் பாதி தெரியுது. ஆத்து வளைவுல மேகம் தண்ணிமேல உக்காந்திருக்கு."

மைக் இரண்டையும் எடுத்துக்கொண்டது. பெட்டி கரகரத்தது. பிறகு லின்டன் என்ற விமானியின் குரல் வந்தது. "கிமாப், உங்க ஊர்ல ரெண்டு வானமா இருக்கு?"

ஓபேத் ஜன்னலைச் சாத்தினான். மறுநாள் ஆணி அடித்தான்.

"மச்சான், காத்து வர வேணாமா உனக்கு?" என்றாள் அவள், சுவருக்கு இந்தப் பக்கமிருந்து.

"நீ போய்ச் சேம்பைப் பாரு."

"சேம்பைப் பாத்துட்டேன். அது தெரியுது. முகடுதான் தெரியலை."

அந்த இரண்டு வாரத்தில் விமானம் இரண்டு முறை கணவாய்வரை வந்து, மேகத்தின் முன் திரும்பிப் போனது. ஓபேத் இன்னும் கடுமையாக ஜெபித்தான்.

புதுச் சபைக் கட்டடத்தின் பிரதிஷ்டைக்கு வியாழக்கிழமை குறித்திருந்தார்கள். கடற்கரையிலிருந்து சபைத் தலைவர் விமானத்தில் வருவதாக ஏற்பாடு. திங்கள் முதல் ஓபேத் உபவாசம் இருந்தான். செவ்வாயும் புதனும் மழை கொட்டியது. வியாழன் விடிந்தபோது வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. பூம் முகட்டில் ஒரு மரம் தனியாகத் தெரிந்தது. ஓபேத் அழுதுகொண்டே அறிக்கை கொடுத்தான். வானத்தைப் பற்றி இந்த முறை அவன் சொன்னது முழு உண்மை. விமானம் கிளம்பிவிட்டது.

யுமினோக் அப்போது ஓடுபாதையின் கீழ் முனையில் இருந்தாள். குதிகாலை ஊன்றியபோது கணுக்கால்வரை உள்ளே போனது. நான்கு இடத்தில் ஊன்றிப் பார்த்தாள். காலை இழுத்தெடுத்துக்கொண்டு குடிசைக்கு வந்து கதவைத் தட்டினாள்.

"மச்சான், பாதை மூடல்னு சொல்லு."

"வானத்தைப் பாரு, யுமினோக். மூணு நாள் உபவாசம்."

"வானத்துல எறங்கப் போறதில்ல. தரையிலதான் எறங்கணும்."

"ஊரே மாலையோட நிக்குது. விருந்தாளியை வாசல்ல சேறுன்னு திருப்பி அனுப்புவாங்களா? உனக்கு வெக்கமா இல்ல?"

"சரி, நீ சொல்ல வேணாம். பலகை எங்க?"

"சபையில."

ஒரு மாதத்துக்கு முன் குடிசைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த பலகைகளில் பன்றி ஒன்று முதுகு சொறிவதை ஓபேத் பார்த்திருந்தான். வெள்ளைச் சிலுவை, அதில் பன்றி. போதாததற்கு, மழை நாளில் அதைச் சேற்றில் கிடத்தி மிதிக்கவும் விடுகிறார்கள். அவனுக்கு உடம்பே கூசியது. இரண்டையும் கழுவி, புதுக் கட்டடத்தின் முன்சுவரில், மேசைக்குப் பின்னால், ஒன்றின் குறுக்கே ஒன்றாக, சிலுவையாக அடித்து நிறுத்திவிட்டான். ஊரே அதை அழகு என்றது. ஓடுபாதையை மூட இனி எதுவும் இல்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

யுமினோக் தோண்டுகழியை எடுத்துக்கொண்டு சபைக்குள் போனாள். பாட்டு நடந்துகொண்டிருந்தது. பந்தியில் இடம் இல்லாதவள் நடு வழியாக, காலில் சேற்றோடு, மேசைவரை நடந்து வந்ததும் பாட்டு ஒவ்வொரு வரிசையாக நின்றது. அவள் மேசையைச் சுற்றிப் போய்க் கழியைப் பலகைக்குப் பின்னால் செருகி நெம்பினாள்.

"நில்லு," என்றார் நாகூம். "அது கர்த்தருடைய சிலுவை."

"இது ஓடுபாதைப் பலகை, ஐயா. வெள்ளையடிச்சது நான். திருப்பிப் பாருங்க, என் கைத்தடம் இருக்கும்."

"கையை வெச்சே, இந்த வாசல்ல இனி காலை வைக்க மாட்டே."

"சரி, ஐயா," என்று சொல்லி மறுபடி நெம்பினாள். முதல் ஆணி கத்திக்கொண்டு வெளியே வந்தது.

ஆண்கள் யாரும் எழவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் போவது அவர்களுக்கும் அனுமதி இல்லாத காரியம். பெண்கள் பக்கத்திலிருந்து சரோத் எழுந்து வந்தாள். அவள் ஒழுங்காகப் பந்தியில் உட்காருகிறவள், அதை இழக்கக்கூடியவள்.

"அந்த முனையை விடுடி, நான் புடிக்கிறேன்," என்றாள். "திமுங்கைப் படுக்கையிலேருந்து தூக்குறதை விட லேசுதான்."

இருவரும் தோளில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். ஊர் பின்னால் வந்தது. பாதை நடுவில் பலகைகளைக் குறுக்காகக் கிடத்திவிட்டு யுமினோக் நிமிர்ந்தபோது விமானத்தின் சத்தம் கணவாய்ப் பக்கம் கேட்டது. மாலையோடு நின்ற கூட்டம் முணுமுணுத்தது. பிரதிஷ்டை நாளில் சிலுவையை இறக்கித் தரையில் எறிந்துவிட்டாள், தலைவரைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறாள். வஞ்சம், வேறு என்ன? தனக்கு வஞ்சம் இல்லை என்று யுமினோக் சொல்லியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும். ஆனால் தரை ஈரமாக இருப்பதற்கும் அவளுடைய வஞ்சத்துக்கும் சம்பந்தம் இல்லை. அதை அவர்களுக்கு விளக்க நேரம் இல்லை.

"நானே எடுக்குறேன்," என்று நாகூம் புல்லோரத்திலிருந்து பாதைக்குள் இறங்கினார். நான்காவது எட்டில் வலது கால் புதைந்தது. இழுத்தார். கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. இடது காலை ஊன்றி நின்று குனிந்து தேடினார். அந்தக் காலும் இறங்கத் தொடங்கியது. மெலிந்த மனிதர், சுமையில்லாமல் நடந்து வந்தவர். விமானத்திலோ அரிசி மூட்டைகளோடு ஆட்களும் இருந்தார்கள். கூட்டத்தில் முணுமுணுப்பு நின்றுவிட்டது.

விமானம் உயரத்திலேயே வட்டமடித்தது. குடிசைக்குள் பெட்டி பேசியது. "கிமாப், பாதையில சிலுவை தெரியுது. மூடலா? யாரு போட்டது?"

ஓபேத் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. யுமினோக் உள்ளே போய் அவன் கையிலிருந்து அதை வாங்கினாள்.

"நான் போட்டேன். கீழ் முனையில கணுக்கால் வரைக்கும் புதையுது. நடுவுல தண்ணி நிக்குது. இறங்க வேணாம்."

"ரெண்டாவது வானமா?" என்றது பெட்டி. "சரி. திரும்புறோம்."

கணவாயில் சத்தம் தேயும்வரை எல்லாரும் நின்றார்கள். போதகரின் சப்பாத்தைத் தோண்டி எடுத்துக் கொடுத்தவள் சரோத். அவர் நன்றி சொன்னார், அதற்காக அவரைப் பாராட்டலாம். அன்று மாலையே கூட்டம் போட்டு யுமினோக்கைச் சபை வாசலுக்கே வரக்கூடாது என்று விலக்கினார். சொன்னதைச் செய்கிறவர்.

இரண்டு நாள் வெயில் அடித்தது. சனிக்கிழமை காலை குதிகால் ஊன்றிய இடத்தில் தடமே விழவில்லை. யுமினோக் பலகையின் ஒரு முனையைத் தூக்கினாள்.

"என்னடி பண்றே?" என்றாள் சரோத். "அப்படியே கிடக்கட்டும். ரேடியோவைக் குடுத்தாத்தான் எடுப்பேன்னு சொல்லு. வழிக்கு வருவானுங்க."

"தரை காஞ்சிருச்சு, அக்கா."

"காஞ்சது உனக்கு மட்டும்தானே தெரியும்."

"அதனாலதான் எடுக்கணும்."

ஓபேத் ரேடியோவில் பாதை திறந்ததைச் சொல்ல, மதியத்துக்குள் விமானம் இறங்கியது. சபைத் தலைவர் மாலையை வாங்கிக்கொண்டு நிழலில் உட்கார்ந்தார். நடந்ததைக் கேட்டார். பலதாரம் பற்றிய விதி தன்னுடையது அல்ல, மாற்றவும் முடியாது என்று சொல்லிவிட்டுச் சேம்பு தின்றார். லின்டன்தான் யுமினோக்கிடம் வந்தான். வெயிலில் சிவந்த முகம், நல்ல பையன், யாரையும் நோகடிக்கப் பிடிக்காதவன்.

"ஒரு வழி இருக்கு," என்றான். "ரேடியோ ஏட்டுல ஓபேத் பேரு இருக்கட்டும். மைக்கை அவரே புடிச்சுக்கட்டும். நீங்க பக்கத்துல நின்னு சொல்லுங்க, அவர் அதைச் சொல்லட்டும். உங்களுக்கும் வேலை இருக்கும், இவங்களுக்கும் விதி இருக்கும்."

"வாய் மட்டும் வேணும், ஆள் வேணாமா, தம்பி?"

"அப்படிச் சொல்லலை."

"அப்படித்தான் சொன்னீங்க. நான் பாத்தது தப்பாப் போனா யாரை வந்து கேப்பீங்க? ஏட்டுல இருக்கிறவனையா? அவன் பாக்கவே இல்லையே. பாத்தவ பேருதான் இருக்கணும். இல்லைன்னா நான் தோட்டத்துக்குப் போறேன்."

"நீங்க சொல்லாம என்னால இங்க வர முடியாது."

"வராதீங்க."

கூட்டத்தில் ஒரு அசைவு. உப்பு, தகரம், பள்ளிக்கூடம், கடற்கரையில் படிக்கிற பிள்ளைகள், எல்லாம் அந்த ஒற்றைச் சொல்லில் தொங்கின. திமுங் அவள் கையைத் தொட்டான். அவள் உதறினாள். தான் சொன்னதன் கனம் அவளுக்குத் தெரியாமல் இல்லை.

ஓபேத் முன்னால் வந்தான். கழுத்திலிருந்து சாவிக் கயிற்றைக் கழற்றினான். போதகரைப் பார்க்கவில்லை.

"எனக்குப் பாக்கத் தெரியும்," என்றான். "வியாழக்கிழமை காலையில அந்தத் தண்ணியை நானும் பாத்தேன், ஐயா. பாத்ததைச் சொல்ல எனக்கு வாய் வரலை. இவளுக்கு வருது." சாவியை அவளிடம் நீட்டினான். "ஏட்டுல என் பேரை எழுதினா, நானே வந்து அந்தப் பேரை அடிச்சிருவேன்."

நாகூம் தலைவரைப் பார்த்தார். தலைவர் சேம்பைப் பார்த்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. யுமினோக் சாவியை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஜன்னலின் ஆணிகளைப் பிடுங்கப் போனாள்.

பந்தியில் அவளுக்குக் கடைசிவரை இடம் கிடைக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை. ஒரு வருஷம் கழித்து வாசல் விலக்கை மட்டும் நாகூம் தானே வந்து நீக்கினார். அவள் பின்வரிசையில் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். தட்டு அவளைத் தாண்டிப் போயிற்று.

சாவி வாங்கிய மறு திங்கள்கிழமை காலை அவள் ஒரு புதிய வழக்கத்தைத் தொடங்கினாள். ரேடியோவில் ஆள் பெயர் சொல்வதில்லை. ஊர்ப் பெயர் மட்டும்தான். அவள் மைக்கை எடுத்து, "கிமாப். பேசுறது யுமினோக்" என்றாள். கடற்கரை நிலையத்தில் இருந்தவர் பொறுமையாகத் திருத்தினார். மறுநாளும் அப்படியே சொன்னாள். ஒரு வாரம் கழித்து அவர் குரலில் சலிப்பு வந்தது.

"கிமாப், உங்க பேரு இங்க யாருக்கும் தேவையில்லை. ஊர்ப் பேரு போதும்."

"ஊருக்குக் கண்ணு கிடையாது, ஐயா. பாக்குறது நான்," என்றாள் அவள். "எழுதிக்குங்க. பூம் முகடு தெரியுது. கணவாய் தெரியலை. தரையில குதிகால் பதியுது, புதையலை."

எதிர்முனையில் மைக் திறந்தது. பிறகு பென்சில் உரசுகிற சத்தம் கேட்டது.